அணியினருக்கு உணவளித்தல்

ஏஞ்சல் தினமும் திருப்புட்குழியிலிருந்து பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்து படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் அவளோடு யாரும் ஒட்டவில்லை. அவளும் யாரிடமும் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. சாரணியர் படையில் மட்டும் அவள் பேச்சு எடுபடும். கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, காயத்துக்குக் கட்டுக் கட்டுவது எதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் மல்லிகை அணிக்கு அவளைத் தலைவியாக்கியிருந்தார் ஏலவார்குழலி மிஸ். மிஸ் கணக்கு எடுப்பவர், படைக்கும் அவர்தான் பொறுப்பாசிரியை.

அணியில் மற்ற ஏழு பெண்களும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைச் சேர்ந்தவர்கள். ஏஞ்சல் விசில் அடித்து அவர்கள் வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாகப் புவனேஸ்வரிக்கு. அவளுடைய அப்பா தேவேந்திரன் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருந்தார். பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். படைக்குக் கூடாரங்கள் வாங்கித் தந்ததும் அவர். அந்தக் கூடாரத்தை எப்படி அடிப்பது என்று தன் மகளுக்கு ஏஞ்சல் உத்தரவு போடுவதை ஒருநாள் மைதானத்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாரணியருக்கு மாநில அளவில் தரும் ராஜ்ய புரஸ்கார் விருதுக்கு வருஷம் ஒருமுறை நடக்கும் தேர்வு முகாம், அந்த வருஷம் புரட்டாசி மாதம் ஏனாத்தூரில் நடந்தது. ஒரு கல்லூரியின் பின்புறத்து மைதானம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எந்த முகாமுக்கும் பள்ளி அனுப்பாது என்பதால் ஏஞ்சலுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அவள் அப்பா கிறிஸ்டோபர், ரயில்வே வேலைக்குச் சாரணர்களுக்கென்று தனி இடம் உண்டு என்று யாரிடமோ கேட்டு வந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே அவளை முகாமுக்கு அனுப்பினார்.

தேர்வாளர் மாணிக்கவாசகம், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். காக்கி உடுப்பில் ஒரு மடிப்புக் கலையாது. கையேட்டில் உள்ளது உள்ளபடி நடக்க வேண்டும் என்பவர். முடிச்சு ஒன்று தலைகீழாக விழுந்ததற்காகச் சொந்த அக்கா மகனையே ஒரு வருஷம் நிறுத்தி வைத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரும் அதை மறுப்பதில்லை.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. அன்றைக்கு அணித் தலைவிகளுக்குச் சமையல் தேர்வு. கையேட்டில் அது ஒரே வரி: ‘விறகடுப்பு மூட்டி, அணியினருக்கு ஒருவேளை உணவு சமைத்து அளித்தல்.’

பள்ளியிலிருந்து வந்த பெரிய குண்டானை ரோஜா அணி எடுத்துக்கொண்டுவிட்டது. இப்படி ஆகும் என்று தெரிந்தே ஏஞ்சலின் அம்மா காந்தா வீட்டிலிருந்த அலுமினியக் குண்டானைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தாள். முதல் நாள் பெய்த மழையில் விறகு ஊறிப்போயிருந்தது. ஏஞ்சல் சுள்ளிகளைத் தன் கூடாரத்துக்குள் வைத்துக் காயவைத்திருந்தாள். கண் எரிய ஊதி ஊதி அடுப்பைப் பிடிக்க வைத்து, சோறு வடித்து, பருப்பும் கத்தரிக்காயும் போட்டுச் சாம்பார் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்தாள். புரட்டாசி என்பதால் முட்டைகூடச் சேர்க்கவில்லை. காய் நறுக்கியது புவனேஸ்வரியும் இன்னொருத்தியும். அடுப்பு மூட்டியதும் சமைத்ததும் ஏஞ்சல் மட்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் தேவேந்திரனின் கார் மைதானத்துக்குள் வந்தது. அவரும் மனைவியும் இறங்கினார்கள். டிரைவர் இரண்டு பெரிய தூக்குகளை இறக்கினான். கோயில் இட்லியும் புளியோதரையும். புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் பிரசாதம், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்றார் தேவேந்திரன். புங்கமரத்தடியில் இலையைப் போட்டு அவர் மனைவியே பரிமாறினாள். மல்லிகை அணியின் ஏழு பேரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஏஞ்சலையும் கூப்பிட்டார்கள். அவள் அடுப்பை விட்டு வர முடியாது என்றாள். ஏலவார்குழலி மிஸ் அப்போதுதான் மைதானத்தின் மறு கோடியிலிருந்து வந்தார். அவர் கையிலும் ஓர் இலை வைக்கப்பட்டது. அவர் நின்றபடியே சாப்பிட்டார்.

கார் போன பிறகு ஏஞ்சல் தட்டுகளை வரிசையாக வைத்தாள். எல்லாத் தட்டிலும் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினாள். விசில் அடித்தாள். ஏழு பேரும் வந்து தட்டுகளுக்கு முன்னால் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை.

வயிறு நிறைந்துவிட்டது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்றாள். காலையில் அதை நறுக்கியவளே அவள்தான். ஒரு கவளமாவது சாப்பிடுங்கள், தேர்வுக்கு வேண்டும் என்று ஏஞ்சல் சொன்னாள். கெஞ்சலாக அல்ல, அணித் தலைவி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

புவனேஸ்வரி, “எங்கம்மா வேணான்னாங்க. புரட்டாசி” என்றாள்.

“இது சைவம்தான். நீயே காய் அரிஞ்சியே.”

“சாப்பாடு சைவம். குண்டான் உங்கூட்டுதாமே.”

ஏஞ்சல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போய் நீட்டினாள். மிஸ் அந்த ஏழு பெண்களையும் பார்த்தார், தட்டையும் பார்த்தார். “வயிறு நிறைஞ்சிடுச்சும்மா. நீ சாப்பிடு” என்றார்.

ஏஞ்சல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டைக் காலி செய்தாள். வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டாள். அவர்கள் ஏழு பேரும் போக வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு ஏஞ்சல் தட்டுகளில் வைத்ததையும் திரும்பக் குண்டானில் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். சாலையில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் அதை வழித்துச் சாப்பிட்டார்கள். இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார்.

மாலையில் மாணிக்கவாசகம் தேர்வு அட்டைகளோடு உட்கார்ந்தார். ஏஞ்சலின் அட்டையில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர், சமையல் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார். அணியினர் சாப்பிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றாள் ஏஞ்சல். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஏலவார்குழலி மிஸ் குறுக்கே வந்தார். அவள் சமைத்ததைத் தானே பார்த்ததாகவும், வெளியில் வேலை செய்தவர்கள் சாப்பிட்டதையும் பார்த்ததாகவும் சொன்னார்.

“டீச்சர், அணியினருக்குன்னு போட்டிருக்குது. ரோட்டுல போறவங்களுக்குன்னு போடல” என்றார் மாணிக்கவாசகம்.

“அளித்தல்னுதான் சார் இருக்குது. அளிக்கறதுன்னா குடுக்கறது. அவ குடுத்தா. வாங்கிக்கறது அடுத்தவங்க பொறுப்பு.”

“வாங்கினாத்தான் குடுத்ததா ஆவும். யாரும் சாப்பிடாத சோறு உணவு இல்ல. சமைச்சா, அவ்வளவுதான். பாதி வரி முடிஞ்சிருக்குது. பாதி வரிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சாப்பிடாதது இவ தப்பா?”

“தப்பு ரைட்டு பாக்க நான் வரல. கையேடு இன்னா சொல்லுதோ அத பாக்கத்தான் வந்திருக்கேன். அடுத்த முகாம்ல மறுபடி செய்யட்டும்.”

அடுத்த முகாம் என்பது இவளுக்கு இல்லை என்று மிஸ் விளக்கினார். அது பள்ளியின் ஏற்பாடு, கையேட்டில் இல்லை என்று அவர் பதில் சொன்னார்.

மிஸ் அவர் முன்னாலிருந்த கையேட்டைத் தன் பக்கம் திருப்பினார். பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். முகாமில் அணியினர் ‘ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தங்கி’ அணி வாழ்வில் பங்கேற்க வேண்டும் என்று இருந்தது. அது எல்லா உறுப்பினர்களுக்குமான தகுதி. அதற்குக் கையெழுத்திட வேண்டியவர் தேர்வாளர் அல்ல, பொறுப்பாசிரியை.

“சாப்பிட்டாத்தான் கணக்குன்னா, அணியோட ஒக்காந்து சாப்பிடாத ஏழு பேருக்கும் இந்த வரி இல்ல. நான் போட மாட்டேன்.”

மாணிக்கவாசகம் அவரை வெறுப்போடு பார்த்தார். பிள்ளைகள் வாழ்க்கையில் விளையாட வேண்டாம் என்றார். மிஸ் ஏஞ்சலின் அட்டையோடு சேர்த்து எட்டு அட்டைகளையும் அடுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஏஞ்சலுக்குச் சந்தோஷம் வரவில்லை. மத்தியானம் தனக்காக ஒரு வார்த்தை பேசாதவர் இப்போது புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எரிச்சல்தான் வந்தது. நாளைக்கு இந்த ஏழு பேருக்கும் விருது போனால் யாரைச் சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலை கூடாரத்துக்குள் நுழைந்தபோது அவள் பாய் மட்டும் வாசல் பக்கம் தள்ளி விடப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் கூட்டம் நிறைந்தது. தேவேந்திரனோடு ஏழு வீட்டிலிருந்தும் யாராவது வந்திருந்தார்கள். கிறிஸ்டோபரைப் பள்ளியிலிருந்து போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தார்கள். ஏஞ்சல் வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து, கம்பெனி சட்டையோடு அவர் நேராக வந்தார். உட்கார நாற்காலி இல்லை. ஏலவார்குழலி மிஸ் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

நடந்ததைத் தலைமையாசிரியை சுற்றி வளைத்துச் சொன்னார். புரட்டாசி, பிரசாதம், பிள்ளைகள் பசியில்லாமல் இருந்தது என்றெல்லாம் சொன்னார். குண்டானைப் பற்றிச் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் மகளைப் பார்த்தார். ஏஞ்சல் நடுவில் புகுந்து குண்டான் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னாள்.

தேவேந்திரன் கிறிஸ்டோபர் பக்கம் திரும்பினார். “இன்னாபா, உன் பொண்ணு ஒருத்திக்கோசரம் ஏழு பொண்ணுங்க நிக்கணுமா?”

“அவங்கள நிறுத்துனது என் பொண்ணு இல்லீங்க. நீங்க கொண்டாந்த இட்லி.”

“பெருமாள் பிரசாதத்தப் பத்திப் பேசாத.”

“நான் பிரசாதத்தப் பேசல. எங்கூட்டு குண்டான்ல இன்னா இருந்துச்சின்னு உன் பொண்ணு சாப்பிடல? அத நீ சொல்லு.”

நீங்கள் என்று தொடங்கியவர் நீ என்றதும் அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தேவேந்திரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கூடத்துக்குள் யாரை விடுவது, யாரைத் தலைவியாக்குவது என்று யோசித்துச் செய்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். கிறிஸ்டோபர் அவருக்கு எதிரே ஓர் அடி எடுத்து வைத்தார். உடற்கல்வி ஆசிரியை இடையில் வந்து நின்றார்.

தலைமையாசிரியை மாணிக்கவாசகத்துக்குப் போன் போட்டார். நீண்ட நேரம் தாழ்ந்த குரலில் பேசினார். வைத்த பிறகு ஒரு வழி சொன்னார். ஏஞ்சலின் அட்டையில் ‘அணியினர் உணவு உண்டனர்’ என்று ஒரு குறிப்பு எழுதி, ஏழு பெண்களும் அதன் கீழே பெயர் எழுதட்டும். அப்படி எழுதி வந்தால் தேர்வாளர் கையெழுத்திடுவார், மிஸ்ஸும் ஏழு பேருக்கும் கையெழுத்திட வேண்டும், விஷயம் இதோடு முடிந்தது.

தேவேந்திரன் சரி என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஏலவார்குழலி மிஸ், ஏஞ்சலுக்குக் கிடைக்குமென்றால் தனக்கும் சம்மதம் என்றார். கிறிஸ்டோபரும் மெல்ல இறங்கி வந்தார்.

“வாங்கிக்கமா” என்றார் மகளிடம். “கையெழுத்து வந்துட்டா போதும். அதுல இன்னா எழுதியிருந்தா நமக்கு இன்னா.”

“அவங்க சாப்பிடலப்பா.”

“தெரியும்மா.”

“சாப்பிட்டாங்கன்னு எழுதினா நான் வாங்க மாட்டேன்.”

தலைமையாசிரியை அதட்டினார். தேவேந்திரன் சிரித்தார். திமிர் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது என்றார். கிறிஸ்டோபர் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். வராந்தாவில் வைத்து அவளைக் கண்டபடி திட்டினார். ராத்திரி முழுக்க நின்ற கால் வலிக்கிறது, உனக்காக இவர்கள் முன்னால் வந்து நின்றேன், நீ என்னையும் சேர்த்துத் தோற்கடிக்கிறாய் என்றார். பிறகு தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனார்.

ஏலவார்குழலி மிஸ் அவள் பின்னால் வந்து நின்றார். பிடிவாதம் பிடித்தால் அவளுக்கு மட்டும்தான் நஷ்டம், மற்றவர்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். உனக்காகத்தான் நானும் ஒத்துக்கொண்டேன் என்றார்.

ஏஞ்சல் திரும்பினாள். “அன்னிக்கி நீங்க ஒரு வாய் சாப்ட்டிருந்தா இது எதுவுமே வந்திருக்காது மிஸ். நீங்க ஒக்காந்திருந்தா அதுங்களும் ஒக்காந்திருக்கும்.”

“எனக்கு அன்னைக்குப் பசியில்லம்மா. அதான்...”

“எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் தட்ட நீட்டினப்ப நீங்க மொதல்ல அவங்களத்தான் பாத்தீங்க.”

மிஸ்ஸின் முகம் சுருங்கியது. அவர் அடிப்பாரோ என்றுகூட ஏஞ்சல் நினைத்தாள். அப்படி ஒரு கோபம் அந்த முகத்தில் இருந்தது. ஆனால் அவர் திரும்பி ஆசிரியர் அறைக்குப் போனார். எட்டு அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் பொறுப்பாசிரியையின் குறிப்புக்கென்று ஓர் இடம் உண்டு. வழக்கமாக யாரும் அதில் எதுவும் எழுதுவதில்லை. ஏஞ்சலின் அட்டையில் அவர் இப்படி எழுதினார்: ‘இவர் சமைத்தார், அணியினருக்குப் பரிமாறினார். பாத்திரம் இவர் வீட்டுடையது என்ற காரணத்தால் அணியினர் ஏழு பேரும் உண்ண மறுத்தனர். பொறுப்பாசிரியையாகிய நானும் உண்ணவில்லை.’ மற்ற ஏழு அட்டைகளிலும் ‘அணியோடு உண்ணவில்லை’ என்று எழுதினார். எல்லாவற்றிலும் கையெழுத்தும் தேதியும் போட்டார். தலைமையாசிரியை அறைக்குள் மறுபடி போகாமல், தானே ஸ்கூட்டரில் போய் மாணிக்கவாசகத்தின் வீட்டில் கொடுத்தார்.

மாணிக்கவாசகம் வாசலில் நின்றபடியே படித்தார். இப்படியெல்லாம் எழுதச் சொல்லிக் கையேடு கேட்கவில்லையே என்றார். எழுதக் கூடாது என்றும் கையேட்டில் இல்லை என்றார் மிஸ்.

“மேல போச்சின்னா உங்களத்தான் மொதல்ல கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். சாப்பிட்டாத்தான் கணக்குன்னு நீங்கதான சொன்னீங்க.”

அவர் அட்டைகளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். தொலைந்துவிட்டன என்றிருக்கலாம். பொறுப்பாசிரியை கையெழுத்திட்ட அட்டையை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி என்பதால் அனுப்பினார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் ஏலவார்குழலி மிஸ்ஸின் வணக்கத்துக்கு அவர் பதில் வணக்கம் வைக்கவில்லை.

அந்த வாரமே படையின் பொறுப்பை மிஸ்ஸிடமிருந்து எடுத்து உடற்கல்வி ஆசிரியையிடம் கொடுத்தார்கள். தேவேந்திரன் கூடாரங்களைத் திரும்ப எடுத்துப் போக வண்டி அனுப்பினார். மிஸ்ஸின் கொழுந்தனார் அந்தக் கடைக்கு நெய்து கொடுப்பவர். கடையிலிருந்து அவருக்கு நெய்வதற்கான பாவு நூல் வருவது நின்றது. தறி சும்மா கிடந்தது. யாரோ ஒரு பெண்ணுக்காக எங்கள் பிழைப்பில் மண் போட்டாயே என்று அவர் மிஸ்ஸின் வீட்டு வாசலில் வந்து கத்தினார். மிஸ்ஸின் கணவர் தன் தம்பி பக்கம்தான் பேசினார்.

ஏஞ்சலுக்கு வகுப்பில் புதுப் பெயர் வந்தது. அவள் போகும்போதும் வரும்போதும் ‘குண்டான்’ என்றார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இடம் மாறினார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் புவனேஸ்வரி சாப்பாட்டுக் கூடையைத் திறந்துகொண்டே அந்தப் பெயரைச் சொன்னபோது, ஏஞ்சல் எழுந்து போய் அவள் டிபன் பாக்ஸை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். “இதையும் சாப்பிடாத” என்றாள்.

அவளை ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று அனுப்பினார்கள். காந்தா மகளை அடித்தாள். அடித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் தானே பள்ளிக்குப் போய், தலைமையாசிரியை வெளியே வரும்வரை வாசலில் நின்று, குண்டான் என்று கூப்பிட்ட பிள்ளைகளுக்கு எத்தனை நாள் என்று கேட்டாள். மூன்றாம் நாளே ஏஞ்சலைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். டிபன் பாக்ஸுக்காக அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவும் இல்லை.

மாவட்ட அலுவலகத்தில் அந்த அட்டைகள் மேசை மேசையாக மாறின. எழுதியிருந்ததை இல்லையென்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை, விசாரிக்கவும் மனமில்லை. கடைசியில் மார்கழியில் ஓர் உத்தரவு வந்தது. நடந்தது என்ன என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. எட்டுப் பேரும் குறிப்பிட்ட தகுதியை வாலாஜாபாத்தில் தனியாக நடக்கும் மறுதேர்வு முகாமில் மீண்டும் நிறைவேற்றலாம், அங்கே பல பள்ளிப் பிள்ளைகளும் கலந்து அணிகள் அமைக்கப்படும் என்று மட்டும் இருந்தது.

தேவேந்திரன் தன் மகளைப் படையிலிருந்தே நிறுத்திக்கொண்டார். இன்னும் நாலு வீட்டில் அனுப்பவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் போனார்கள், ஏஞ்சலும் போனாள். போக மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். யாரோ செய்த தப்புக்கு நான் ஏன் மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்டாள். கிறிஸ்டோபர் இந்தத் தடவை வற்புறுத்தவில்லை. போகாவிட்டாலும் சரி, போனால் ஒரு நாள் லீவு போட்டு நானும் வருகிறேன் என்றார். அவள் அதே குண்டானை எடுத்துக்கொண்டாள்.

வாலாஜாபாத்தில் தேர்வாளர் வேறொருவர், வந்தவாசிப் பக்கத்து அம்மாள். ஏஞ்சலின் அணியில் ஆறு பள்ளிகளைச் சேர்ந்த பெண்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. காலையிலிருந்து நடைப்பயணம் போய்விட்டு வந்து பசியில் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் சமைத்தாள். தட்டு வைப்பதற்கு முன்பே ஒருத்தி குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். வைத்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மைதானத்தின் அந்தப் பக்கம் அவள் பள்ளியின் இரண்டு பெண்களும் வேறோர் அணியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணிக்குச் சமைத்தது யார், பாத்திரம் எந்த வீட்டுடையது என்று கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் ஆகாது என்றவள் இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். ஏஞ்சல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத வீடு என்றால் சாப்பிடலாம், தெரிந்த வீடுதான் ஆகாது. எழுந்து போய் அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. கேட்டுக்கு வெளியே கிறிஸ்டோபர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் எழவில்லை.

தேர்வாளர் அம்மாள் ஒரு தட்டு கேட்டு வாங்கி, நின்றபடி ருசி பார்த்தார். அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அணிக்குப் போனார். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏஞ்சலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் வாய் நிறையச் சோற்றோடு முகத்தைச் சுளித்தாள். “இன்னா சாம்பார் இது. உப்பே இல்ல” என்றாள்.

“அங்க இருக்குது பாரு. எடுத்துப் போட்டுக்கோ” என்றாள் ஏஞ்சல் கடுப்பாக.

அந்தப் பெண் எட்டி உப்பை எடுத்துப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு இன்னொரு கரண்டி கேட்டாள்.